முட்டிக்கு எண்ணெய் தடவுவதற்கு முன்னால் ஒரு ஸ்டூல் போடுங்கள்

நீளமான பதிவு. போன வாரம் நான் போட்ட நாலு வரிக்கு வந்த திட்டுகளுக்கும் சேர்த்துப் பதில் எழுதுவதால் இப்படி ஆகிவிட்டது. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

ஒரகடம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் நிற்கும் இடங்களில் எல்லாம் ஒரு மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மூட்டுத் தேய்மானமா, ஆபரேஷன் வேண்டாம், 48 நாளில் தேய்ந்த ஜவ்வு மறுபடி வளரும், பாரம்பரிய சித்த மருத்துவ முகாம், ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபம், முன்பதிவுக்கு அழைக்கவும். இதைப் படம் எடுத்துப் போட்டு, "இது சித்த மருத்துவம் இல்லை, வியாபாரம்" என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான்.

ஒரு பக்கம், "சார், நீங்களே தமிழ் மருத்துவத்தைக் கேவலப்படுத்தலாமா", "அலோபதிக்காரனிடம் எவ்வளவு வாங்கினீர்கள்". இன்னொரு பக்கம், "சித்த மருத்துவமே டுபாக்கூர்தான், இப்பவாவது உங்களுக்குப் புரிஞ்சுதே". வேடிக்கை என்னவென்றால் இரண்டு பக்கமும் கத்தியவர்களில் பாதிப்பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். வகுப்பிலும் இப்படித்தான். கேள்வியைப் படிக்காமல் விடை எழுதுவார்கள்.

இந்த முட்டி வலியைப் பற்றிச் சித்த மருத்துவம் உண்மையில் என்ன சொல்கிறது என்று இரண்டு பக்கத்தாரும் ஒரு பக்கமாவது படித்திருந்தால் சண்டை வேறு மாதிரி போயிருக்கும். நோட்டீஸ் ஒட்டியவன் படித்திருந்தால் ஒட்டியிருக்கவே மாட்டான். ஏனென்றால் அந்த நூல்கள் சொல்வதை நேராகப் படித்தால் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியது முட்டி இல்லை. நம் ஊர் ஷிப்ட்.

இதை எழுத வைத்த கதையை முதலில் சொல்கிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி. பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். பத்தாவதில் கணக்கில் 91 எடுத்தவள். வயது 38. பதினாலு வருடமாக இந்தக் காரிடாரில் வேலை. மூன்று கம்பெனி மாறியிருக்கிறாள், மூன்றிலும் காண்ட்ராக்ட், மூன்றிலும் லைனில் நின்றுகொண்டே. வீட்டு மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்து ஏறுகிறாள். எக்ஸ்ரேயில் இரண்டு முட்டியிலும் தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது. அவள் அம்மாவுக்கு 61 வயது. அந்த அம்மா இன்னும் கீழே உட்கார்ந்து கீரை ஆய்கிறார். மகள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இவளும் இதே மாதிரி ஒரு முகாமுக்குப் போனாள். ஒரு மண்டலத்துக்கு 18,500 ரூபாய். பாதி கையில், மீதி இரண்டு தவணை. ஒரு எண்ணெய், ஒரு லேகியம், பொட்டலத்தில் கட்டிய பொடி. "மூணே நாள்ல வலி பறந்துடுச்சு சார்" என்றாள். எனக்கு அங்கேயே வயிற்றைக் கலக்கியது. ஐந்தாவது வாரம் முகம் உப்பி வந்தது, சர்க்கரை ஏறியது. பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். மருந்தின் பெயர் இல்லை. செய்தவர் பெயர் இல்லை. உரிம எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. சித்த மருந்தானாலும் இவை எல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டம் சித்த மருந்துக்கும் சேர்த்துத்தான். நாட்டு மருந்து என்ற பெயரில் விற்கும் வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பல நாடுகளில் ஆய்வகங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. முதுமையில் மெதுவாகக் குறையவேண்டிய வலி மூன்றே நாளில் பறந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அப்படி ஒன்றை வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பொட்டலத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டிவிட்டு அவர்கள் சொல்கிறபடி நிறுத்துங்கள். இவள் அப்படித்தான் மீண்டாள்.

சரி, இப்போது நூல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நான் வைத்தியன் இல்லை, கணக்கு வாத்தியார். ஓய்வுக்குப் பிறகு என் சொந்த முட்டிக்காகப் படிக்க ஆரம்பித்து, சித்த மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. தவறு இருந்தால் படித்த சித்த மருத்துவர்கள் திருத்துங்கள்.

கீல் என்றால் மூட்டு. மூட்டு நோய்களுக்கெல்லாம் கீல்வாயு என்று பொதுப்பெயர். யூகி முனிவர் பெயரில் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 என்று எண்ணுகிறது. சபாபதி கையேடு கீல்வாயுவைப் பத்து வகையாகப் பிரிக்கிறது. அந்தப் பத்தில் ஒன்று அழல் கீல்வாயு. இன்றைக்குச் சித்த மருத்துவக் கல்லூரிகளில் மூட்டுத் தேய்மானத்துக்கு, ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்கிறார்களே அதற்கு, இணையாகச் சொல்லித்தருவது இதைத்தான். மூட்டில் வலி, வீக்கம், நீட்டி மடக்கினால் உள்ளே சத்தம், மூட்டுக்குள் இருக்கும் நீர் வற்றுதல்.

உடம்பை நடத்துவது வளி, அழல், ஐயம் மூன்றும். நாம் வாதம், பித்தம், கபம் என்று சொல்வது. ஐயத்தில் ஐந்து வகை உண்டு, அதில் ஒன்றுக்குச் சந்திகம் என்று பெயர். சந்தி என்றால் இரண்டு சேரும் இடம். எலும்பும் எலும்பும் சேரும் இடத்தில் வழவழப்பைக் காத்து நிற்பது சந்திகத்தின் வேலை. வளி தன் அளவு மீறும்போது இந்த வழவழப்பு வறள்கிறது. கை கால் அசைவுக்குப் பொறுப்பான வியானன் என்ற வாயுவும் கெடுகிறது. இதை அப்படியே நவீன மருத்துவத்தின் குருத்தெலும்போடும் மூட்டுத் திரவத்தோடும் ஒட்டவைத்து, "பார்த்தீர்களா, அப்போதே சொல்லிவிட்டார்கள்" என்று மார்தட்டுவது எனக்குப் பிடிக்காது. அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. இரண்டும் பார்த்தது ஒரே முட்டியை.

எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த கேள்வி. வளி ஏன் மீறுகிறது?

நூல்கள் காரணம் சொல்கின்றன. கைப்பும் துவர்ப்பும் அதிகமான சாப்பாடு, பழையது, பட்டினி. அந்த வரிசையில் ஒன்று: பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது. நைட் ஷிப்ட் என்ற சொல் தமிழில் வருவதற்குப் பல நூறு வருடம் முன்னாலேயே எழுதியாகிவிட்டது.

இதோடு பதினாலு வேகங்கள் என்று ஒன்று உண்டு. உடம்பு தானாகக் கேட்கும் பதினாலு விஷயங்கள். இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு. எண்ணிப் பாருங்கள், பதினாலு வரும். ஒன்பதாவதாக வருவது இளைப்பு. களைத்துப் போனால் உடம்பு உட்காரக் கேட்கிறதே, அது. சித்தர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதவில்லை. சிறுநீருக்கும் தாகத்துக்கும் பக்கத்தில், அடக்கக்கூடாத வேகமாக எழுதியிருக்கிறார்கள்.

இப்போது என் மாணவியின் லைனுக்கு வாருங்கள். பாத்ரூம் போகவேண்டும் என்றால் ரிலீவர் வரவேண்டும். எட்டுப் பேருக்கு ஒரு ரிலீவர். அதனால் அவள் காலையில் இருந்து தண்ணீர் குடிப்பதில்லை. தாகம், சிறுநீர், இரண்டு போயிற்று. மதியச் சாப்பாடு ஷிப்டுக்கு ஷிப்ட் மாறும், பசி மூன்றாவது. வாரம் மாறி வாரம் இரவுவேலை, தூக்கம் நாலாவது. உட்கார ஒன்றும் கிடையாது, இளைப்பு ஐந்தாவது. பஸ் வரும் அவசரத்தில் காலைக்கடனும் ஒழுங்கில்லை, ஆறு. பதினாலில் ஆறு வேகத்தை அடக்குவதற்குத்தான் மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

"சார், சிறுநீரை அடக்கினால் முட்டி தேயும் என்று எந்த ஆய்வு சொல்கிறது?" என்று ஒருத்தன் கேட்பான். நானே கேட்பேன். அப்படி எந்த ஆய்வும் சொல்லவில்லை. நவீன மருத்துவம் சொல்வது: வயது, உடல் எடை, பழைய அடி, பெண்ணாக இருப்பது, மண்டியிட்டும் குத்தவைத்தும் பளு தூக்கியும் பல வருடம் வேலை செய்வது. நிற்பது மட்டுமே முட்டியைத் தேய்க்கும் என்பதற்கு மண்டியிடுவதற்கு இருக்கும் அளவுக்கு உறுதியான சான்று கிடையாது. ஆனால் ஏற்கெனவே கெட்ட முட்டியை எட்டு மணி நேரம் கான்கிரீட் தரையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வு வேண்டாம், எங்கள் தெருவுக்கு வாருங்கள். என் வழக்கு இதுதான். சித்த மருத்துவத்தை நம்புகிறேன் என்று சொல்லிக் கடை போடுபவன், அந்த மருத்துவம் காரணம் என்று எழுதியிருப்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். காரணத்தை மறைத்துவிட்டு எண்ணெயை மட்டும் விற்பவனுக்குச் சித்தர் படத்தை மாட்டிக்கொள்ள உரிமை கிடையாது.

முகாம் நடத்துபவர்கள் நோயாளியிடம் என்ன கேட்டார்கள் என்று அவளிடம் விசாரித்தேன். பெயர், வயது, போன் நம்பர், எந்த முட்டி. என்ன வேலை என்று கேட்கவில்லையா? "யூனிஃபார்ம்ல போனேன் சார், அவங்களுக்கே தெரியுமே" என்றாள்.

பிறகு அவளைத் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். 2005இல் திறந்தது, மத்திய அரசு நடத்துவது. அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் மருத்துவமனை. ஒரகடத்தில் இருந்து படப்பை, முடிச்சூர் வழியாகப் போனால் தாம்பரம், அதிக தூரம் இல்லை. இவ்வளவு பக்கத்தில் இருப்பது நம் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை, மஞ்சள் நோட்டீஸ் தெரிகிறது.

அங்கே இருந்த இளம் மருத்துவர் அம்மா முதலில் கேட்டது, "என்ன வேலை பார்க்கறீங்க?" அடுத்தது, "ராத்திரி தூக்கம் எப்படி?" மூன்றாவது, "மோஷன், யூரின்லாம் ஒழுங்கா போகுதா?" நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், எக்ஸ்ரேயையும் பார்த்தார். ஜவ்வு வளரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலியைக் குறைக்கலாம், மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், தொடைத் தசையைப் பலப்படுத்தவேண்டும், எடையைக் கொஞ்சம் குறைக்கவேண்டும் என்றார். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டிமேல் நாலு கிலோ பாரம் குறையும் என்று ஒரு கணக்குச் சொன்னார், கணக்கு வாத்தியாருக்குச் சந்தோஷம். முதலில் பேதிக்குக் கொடுத்து, பிறகு உள்ளுக்கு மருந்து, வெளியே தைலமும் ஒற்றடமும். மீறிய வளியைத் தணிக்கப் பேதியில் ஆரம்பிப்பது இந்த மருத்துவத்தின் பழைய ஒழுங்கு. முகாமில் பேதி கொடுப்பதில்லை. கொடுத்தால் மறுநாள் லைனுக்குப் போகமுடியாது, வியாபாரம் படுத்துவிடும்.

ஒரு இடைச்செருகல். சித்த மருந்து என்றால் பக்கவிளைவே கிடையாது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதையும் நம்பாதீர்கள். ரசகந்தி மெழுகு என்ற மருந்தின் பெயரிலேயே ரசமும் கந்தகமும் இருக்கிறது. ரசம் என்றால் மிளகு ரசம் இல்லை, பாதரசம். சுத்திமுறை தெரிந்து செய்து, அளவும் பத்தியமும் நாளும் சொல்லிக் கொடுக்கவேண்டியவன் மருத்துவன். முடக்கறுத்தான் கீரையைத் தோசை மாவில் அரைத்துச் சாப்பிடுவது வேறு, கல்யாண மண்டபத்தில் செந்தூரம் வாங்கிச் சாப்பிடுவது வேறு.

மருத்துவர் அம்மா சீட்டில் கடைசியாக ஒரு வரி எழுதினார். நீண்ட நேரம் நிற்பதைத் தவிர்க்கவும், இரவுப் பணியைத் தவிர்க்கவும். இந்தப் பதிவின் முக்கியமான மருந்து அந்த வரிதான். அதற்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

வண்டியில் வரும்போது கேட்டேன், "சீட்டை சூப்பர்வைசர்கிட்ட காட்டறியாம்மா?"

"காட்டினா அவ்வளவுதான் சார். நிக்கமுடியாதவ எதுக்குன்னு ஏஜென்சி பேரை எடுத்துடுவான். ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் கொண்டுவான்னு சொல்வான். போன வருஷம் ஒரு அக்கா காட்டினாங்க. இப்போ அவங்க வீட்ல இருக்காங்க."

மணிமங்கலம் வருவதற்குள் அந்த வரி இருந்த அடிப்பகுதியை மட்டும் நேராகக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மருந்துப் பெயர் இருந்த பகுதியை மட்டும் வீட்டில் காட்டினாள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அடக்கிய வேகம் ஒன்று என் கணக்கிலும் ஏறியது.

இதில் குற்றவாளி யார் என்று சொல்லுங்கள், என்னைத் திட்டிய இரண்டு கட்சிக்காரர்களே. அந்த வரியை எழுதிய சித்த மருத்துவமா? அந்த வரியைக் கிழிக்க வைத்த வேலையா?

"நின்று வேலை செய்வது புதுசா சார்? நம்ம பாட்டி நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நாற்று நடவில்லையா?" என்று ஒரு பின்னூட்டம். நட்டார்கள். அவர்களுக்கும் முட்டி வலி, இடுப்பு வலி இருந்தது. அதை மறைத்துப் பழைய காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் நடவு வருடத்தில் சில வாரம். வரப்பில் உட்காருவார்கள், வெற்றிலை போடுவார்கள், நகர்ந்துகொண்டே இருப்பார்கள், கால் மண்ணில். இங்கே வருடத்துக்கு 300 நாள், நாளைக்கு இடைவேளை போக ஏழு மணி நேரம், கான்கிரீட், இரும்பு முனை வைத்த ஷூ, ஒரே சதுரம். 300 பெருக்கல் 7, 2,100 மணி. பதினாலு வருடத்துக்கு 29,400 மணி. ஓ.டி. சேர்க்கவில்லை.

நடை முட்டிக்குப் பகை இல்லை. நம் ஊரில் பிறந்த இராமானுசர் திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்று சொல்வார்கள். 120 வயது வாழ்ந்தார் என்றும் சொல்வார்கள். அசையாமல் நிறுத்துவதுதான் பிரச்சினை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சித்த மருத்துவம் நிலத்தையும் பார்க்கும். ஐந்திணையில் நோய் குறைந்த நல்ல நிலம் என்று அது சொல்வது மருதத்தை. ஏரியும் வயலுமாக இருந்த நம் காஞ்சிபுரம் பக்கம் முழுக்க மருதம்தான். சித்தர் கணக்கில் ஆரோக்கியமான மண்ணில் பிறந்த பிள்ளைகள் 40 வயதுக்குள் படியேறமுடியாமல் நிற்கிறார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் வெளியே வர ஆரம்பித்தது. அப்போது இருபது வயதில் இந்த வட்டாரக் கம்பெனிகளில் வேலைக்குப் போனவனுக்கு இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. சித்த மருத்துவம் ஆயுளை மூன்றாகப் பிரித்து 34 முதல் 66 வரை பித்த காலம் என்கிறது, அதாவது அழல் காலம். அழல் கீல்வாயு வரும் வயதுக்கு முதல் தலைமுறை மொத்தமாக வந்து சேர்ந்திருக்கிறது. மஞ்சள் நோட்டீஸ்காரன் இதை நம் எல்லோரையும் விட முன்னாலேயே கணக்குப் போட்டுவிட்டான். அதனால்தான் கம்பெனி பஸ் நிற்கும் இடமாகப் பார்த்து ஒட்டுகிறான்.

வெளிநாட்டில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? ஜெர்மனியில் 2009இல் இருந்து முழங்கால் மூட்டுத் தேய்மானம் தொழில்வழி நோய்ப் பட்டியலில் இருக்கிறது. மண்டியிட்டும் குத்தவைத்தும் மொத்தம் 13,000 மணி நேரம் வேலை செய்திருந்தால், ஒரு ஷிப்டில் குறைந்தது ஒரு மணி நேரம் அப்படி இருந்திருந்தால், நஷ்டஈடு கேட்கலாம். பிரிட்டனில் அதே 2009இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்கு ஒத்துக்கொண்டார்கள், பிறகு கார்ப்பெட் விரிப்பவர்களுக்கும் தரை போடுபவர்களுக்கும். அங்கேயும் நிற்பதை இன்னும் சேர்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முட்டி தேய்ந்தால் "வயசாயிடுச்சு" என்று சொல்லி அனுப்பாமல், "என்ன வேலை, எத்தனை மணி" என்று எண்ணுகிறார்கள். 2025 வரை நடப்பில் இருந்த நம் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்வழி நோய்கள் வரிசையாக இருந்தன. மூட்டுத் தேய்மானம் என்ற பெயர் அதில் இருந்ததில்லை. என்ன வேலை என்று எண்ணும் பழக்கம் சித்த மருத்துவரிடம் இருக்கிறது, ஜெர்மன் அரசாங்கத்திடம் இருக்கிறது, நடுவில் இருக்கும் நமக்குத்தான் இல்லை.

சட்டமே இல்லை என்றும் சொல்லமுடியாது. 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 44ஆம் பிரிவு. நின்று வேலை செய்யவேண்டிய எல்லாத் தொழிலாளருக்கும், வேலைக்கு நடுவே ஓய்வு கிடைக்கும்போது உட்காருவதற்கு ஏற்பாடு இருக்கவேண்டும் என்றது. உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை என்று தலைமை ஆய்வாளர் கருதினால், இருக்கை போடு என்று எழுத்தில் உத்தரவிடலாம் என்றும் இருந்தது. அதற்கு மாற்றாக 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்பிலும் உட்காரும் ஏற்பாடு இருக்கிறது. சுதந்திரம் வந்த மறுவருடமே எழுதிய ஸ்டூல். இன்னும் லைனுக்கு வந்து சேரவில்லை.

துணிக்கடைப் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி வந்தது? 'அங்காடித் தெரு' படம் 2010இல் வந்தது, நாமெல்லாம் அழுதோம். 2018இல் கேரளாவில் கடைப் பெண்கள் போராடி உட்காரும் உரிமை வாங்கினார்கள். 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திக் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. நல்ல காரியம். அதே சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தொழிற்சாலையில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் திருத்தத்தை நிறைவேற்றியது, எதிர்ப்பு வந்ததும் மே தினத்தில் வாபஸ். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு மசோதா கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு, ஏற்கெனவே இருக்கும் சட்டத்தின்படி ஸ்டூல் இருக்கிறதா என்று பார்த்துவரத் தெரியாதா? வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்க அரசே பெரிய விடுதி கட்டியிருக்கிறது. ராத்திரி படுக்கக் கட்டில் கொடுத்ததைப் பாராட்டுகிறேன். பகலில் உட்கார?

நானும் நின்று கெட்டவன்தான். ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். வகுப்பறையில் ஆசிரியருக்கு நாற்காலியே கிடையாது. உட்கார்ந்தால் பாடம் நடத்தவில்லை என்று அர்த்தமாம், கேமராவில் பார்ப்பார்களாம். என் வலது முட்டி அங்கே போனதுதான். எனக்குப் பென்ஷன் இருந்தது, விட்டுவிட்டு வந்தேன். அவளுக்கு விட்டுவிட்டு வர இடம் இல்லை.

இனி மஞ்சள் நோட்டீஸ்காரர்களுக்கு. 1954இல் இருந்து ஒரு சட்டம் இருக்கிறது, மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியல் அதில் உண்டு. வாதநோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நோட்டீஸின் படம், தேதி, இடம், போன் நம்பர் எல்லாம் சேர்த்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்துவிட்டேன். "தமிழனைத் தமிழனே காட்டிக்கொடுக்கிறான்" என்று மறுபடி எழுதுவார்கள், எழுதட்டும். முகாம் நடத்துபவர் பதிவு பெற்ற சித்த மருத்துவரா என்று கேட்டு ஒரு பின்னூட்டம் போட்டேன், அதை அழித்துவிட்டார்கள்.

பட்டம் படித்து, பதிவு செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாலுகா மருத்துவமனையிலும் உட்கார்ந்திருக்கும் சித்த மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மேல்தான் எனக்குக் கோபமும் உரிமையும். உங்களிடம் வரும் முட்டிக்காரர்களின் வேலை என்ன, எத்தனை வருடம், எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள், இரவுவேலை உண்டா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர் வேண்டாம். ஒரு வருடத்து நோட்டைக் கூட்டினால் இந்த வட்டாரத்தின் முட்டிக் கணக்கு வந்துவிடும். தனியாக ஒருத்தி சீட்டைக் காட்டினால் வேலை போகிறது. ஐந்நூறு பேர் கணக்கை நீங்கள் காட்டினால் யாரை வேலையை விட்டு எடுப்பான்? தேரையர் நோயணுகா விதியில் நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதி என்று ஒழுங்கு வைத்தார். நோய் வந்தபின் கொடுக்கும் மருந்துக்கு முன்னால் வாழ்கிற முறையைப் பேசிய மருத்துவம் இது. திருக்குறளில் மருந்து என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, அதில் ஒரு மருந்தின் பெயரும் கிடையாது, முக்கால்வாசி சாப்பாட்டைப் பற்றித்தான். இந்த மரபில் வந்தவர்கள் ஷிப்டைப் பற்றி வாய் திறக்காமல் தைலத்தைப் பற்றி மட்டும் பேசினால் அந்த மஞ்சள் நோட்டீஸுக்கு இடம் விட்டுக்கொடுப்பது நீங்கள்தான்.

சங்கத்தில் இருக்கும் தம்பிகளே, நீங்கள் சம்பளமும் நிரந்தரமும் கேட்கிறீர்கள், சரி. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் ஸ்டூலையும் எட்டுப் பேருக்கு இரண்டு ரிலீவரையும் சேருங்கள். உட்காரும் ஏற்பாட்டை ஆய்வு செய்யச் சொல்லி தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு எழுத வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும். கையெழுத்து நன்றாக இருக்கும்.

முற்றிலும் தேய்ந்து, இரவில் படுத்தாலும் வலி நிற்காத நிலைக்குப் போனவர்கள் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளிலேயே மாற்று மூட்டு வைக்கிறார்கள். அதைச் சித்த மருத்துவத்தின் தோல்வி என்று நினைத்து மண்டபம் மண்டபமாக அலைந்து வருடத்தைப் போக்காதீர்கள்.

என் மாணவி இப்போது தைலம் போட்டு ஒற்றடம் கொடுக்கிறாள், நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும் பயிற்சி இரண்டு வேளையும் செய்கிறாள். வலி பாதியாகி இருக்கிறது என்கிறாள். அடுத்த மாதம் அவளுக்கு மூன்று வாரம் தொடர்ந்து நைட் போட்டிருக்கிறார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு மறுபடி சானடோரியம் போகிறோம். என் தம்பி மகனின் வண்டி. இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. வருபவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். எக்ஸ்ரே இருந்தால் கையில் கொண்டுவாருங்கள், முகாமில் வாங்கிய பொட்டலம் இருந்தால் அதையும்.